முப்பத்தொரு பேர்

போன செவ்வாய்க்கிழமை ராத்திரி பத்தரைக்கு பெங்களூரிலிருந்து மகள் கூப்பிட்டாள். அந்த நேரத்தில் அவள் கூப்பிடுகிற வழக்கம் கிடையாது. "தூங்கிட்டீங்களாப்பா?" என்று கேட்டாள், அப்புறம் பேச்சே இல்லை. அந்தப் பக்கம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. நானும் சும்மா இருந்தேன். கடைசியில் சொன்னாள்: "நாற்பது பேர் லிஸ்ட் கேக்கறாங்கப்பா. வெள்ளிக்கிழமைக்குள்ள குடுக்கணும்."

அவள் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் எச்.ஆர். வேலையில் இருக்கிறாள். மென்பொருளைச் சோதித்துப் பார்க்கிற பிரிவை அப்படியே வெளியே ஓர் ஏஜென்சிக்குக் கொடுத்துவிடப் போகிறார்களாம். அறுபத்தைந்து பேரில் நாற்பது பேர் போக வேண்டும். எக்செல்லில் எல்லாப் பெயரையும் போட்டு, சம்பளம் கூடினவர்கள் மேலே வருகிற மாதிரி அடுக்கிக் கொண்டுவா என்று சொல்லியிருக்கிறார்கள்.

"எஸ்டேட்ல நீங்க இந்த மாதிரி லிஸ்ட் போட்டிருக்கீங்களாப்பா?"

போட்டிருக்கிறேன். அப்போது அவளுக்கு ஏழு வயது. இருபது வருஷத்துக்கு மேலாகியும் அவளிடம் அதைப் பற்றி நான் பேசியதில்லை. அன்றைக்கும் ஆமாம் என்பதற்கு மேல் வாய் வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். அவள் படிப்பாள்.

ஏற்காட்டில் ஒரு கம்பெனியின் காப்பி எஸ்டேட்டில் 1993-லிருந்து இருபத்தாறு வருஷம் ரைட்டராக இருந்தேன். ரைட்டர் என்றால் எஸ்டேட் கணக்குப்பிள்ளை. விடிகாலையில் ஆட்கள் கூடுகிற மஸ்டர் முன்னால் நின்று, செக்ரோல் என்கிற வருகைப் பேரேட்டில் பேர் போடுவது என் வேலை. முழுநாள் வேலைக்கு ஒரு பேர், மத்தியானத்தோடு போனால் அரைப் பேர். மாசக் கடைசியில் பேரைக் கூட்டினால் சம்பளம். பிறந்தது சேலம் செவ்வாய்ப்பேட்டையில், வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்காரர் வீட்டில். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி மேலே வந்தபோது காப்பிச் செடிக்கும் மிளகுக் கொடிக்கும் வித்தியாசம் தெரிந்ததோடு சரி. மீதி எல்லாம் எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பான லயன் வீட்டு ஜனங்கள் சொல்லிக் கொடுத்தது.

வந்த மறுவருஷமே பிரேசிலில் உறைபனி விழுந்து காப்பி விலை எகிறியது. அதுவரை காப்பி வாரியத்தின் பொதுக் கணக்குக்குப் போய்க்கொண்டிருந்த காப்பியை 1996-லிருந்து முழுக்கத் தோட்டக்காரர்களே விற்கலாம் என்றானது. மலையில் எல்லார் முகத்திலும் சிரிப்பு. அந்தச் சிரிப்பு அதிக நாள் நிற்கவில்லை. உலக நாடுகளுக்குள் ஏற்றுமதிக்கு இருந்த கோட்டா ஒப்பந்தம் 1989-லேயே முறிந்திருந்தது. வியட்நாம் மளமளவென்று செடி வைத்துக் காப்பியைக் கொட்டியது. 2001 கடைசியில் நியூயார்க் சந்தையில் ஒரு பவுண்டு அராபிகா 50 சென்ட்டுக்கும் கீழே போனது. பறிக்கிற கூலிக்கே கட்டாது என்று பலபேர் பழத்தைச் செடியிலேயே விட்டார்கள்.

2002 பிப்ரவரி, பறிப்பு முடிந்த வாரம். சென்னை ஆபீஸிலிருந்து மேனேஜருக்குக் கடிதம் வந்தது. நிரந்தரத் தொழிலாளர் அறுபத்து நான்கு பேரில் கிட்டத்தட்டப் பாதி குறைய வேண்டும். கவாத்து, பழம் பறிப்பு, நிழல்மரம் கழிப்பது, போரர் பூச்சி பிடித்த செடியைப் பிடுங்குவது எல்லாம் இனி காண்ட்ராக்ட். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, யார் யார் என்று எழுதிக் கொண்டுவரச் சொன்னார். ஐம்பது வயது தாண்டினவர்கள், மருத்துவ விடுப்பு அதிகம் எடுத்தவர்கள், சர்வீஸ் கூடி கிராஜுவிட்டி ஏறிக்கொண்டே போகிறவர்கள்: இவர்கள்தான் செலவுக்காரர்கள் என்றார். கணக்குப்படி அவர் சொன்னது சரி. ராத்திரி அரிக்கேன் வெளிச்சத்தில் நான் முப்பத்தொரு பேர் எழுதினேன்.

ஆள்குறைப்புக்குச் சட்டம் இருக்கிறது. அப்போது நடப்பில் இருந்த 1947-ஆம் வருஷத்துத் தொழில் தகராறு சட்டப்படி ஒரு மாத நோட்டீஸும், வேலை பார்த்த ஒவ்வொரு வருஷத்துக்கும் பதினைந்து நாள் சம்பளமும் கொடுக்க வேண்டியிருந்தது. அதைக் கொடுத்துவிடலாம். ஆனால் அதே சட்டத்தில், ஒரே வகை வேலையில் கடைசியாக வந்தவர்தான் சாதாரணமாக முதலில் போக வேண்டும் என்றும் இருந்தது. என் பட்டியல் நேர் எதிராக இருந்தது. அதனால் அதற்கு விருப்ப ஓய்வு என்று பெயர் மாற்றினார்கள். "என் சொந்த விருப்பத்தின் பேரில்" என்று தொடங்கும் விண்ணப்பத்தைத் தமிழில் முப்பத்தொரு தடவை எழுதியதும் நான்தான். பலபேருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. கட்டைவிரலை மையில் அழுத்தி நானே பிடித்து வைத்தேன்.

கீழ் லயனில் ஓர் அக்கா இருந்தார். பட்டியலில் நாலாவது பெயர். விண்ணப்பத்தை நீட்டியபோது, "இதுல என்னங்க எழுதியிருக்குது, ரைட்டரய்யா?" என்று கேட்டார். படித்துக் காட்டினேன். "விருப்பம்னா எழுதியிருக்கீங்க?" என்றார். அவ்வளவுதான். விரலை நீட்டினார்.

அந்த அக்காவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அராபிகாவுக்கு எமன் வெள்ளைத் தண்டுத் துளைப்பான். மலையில் போரர் என்றால்தான் புரியும். வண்டு செடியின் தண்டில், பட்டை வெடிப்பில் முட்டை வைக்கும். புழு உள்ளே துளைத்துக்கொண்டு போகும். ஏப்ரல், மே மாதங்களில் ஒரு தடவையும், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை ஒரு தடவையும் வண்டுகள் வெளியே பறந்து அடுத்த செடியைப் பிடிக்கும். அதற்கு முன்னால், மார்ச்சிலும் செப்டம்பரிலும், தோட்டம் முழுக்க நடந்து பூச்சி பிடித்த செடியைக் கண்டுபிடித்து வேரோடு பிடுங்கி எரித்துவிட வேண்டும். சின்னச் செடி என்றால் ஒரு வருஷத்தில் செத்துவிடும். பெரிய செடி சில வருஷம் நிற்கும். வெளியே பச்சையாகத்தான் தெரியும்.

அந்த அக்கா தண்டை மேலே பிடித்துக் கையை அப்படியே கீழே வழித்துக்கொண்டு வருவார். கண் வேறெங்கோ இருக்கும். பட்டைக்கு அடியில் புழு போன பாதை லேசாக மேடு தட்டியிருக்கும். அது அந்த விரலுக்குத் தெரியும். நான் பலதடவை அவர் காட்டிய இடத்தில் தடவிப் பார்த்திருக்கிறேன், எனக்கு ஒன்றும் தட்டுப்பட்டதில்லை. வெட்டிப் பிளந்தால் உள்ளே வெள்ளைப் புழு இருக்கும். புதிதாக வந்த பெண்களை அடுத்த வரிசையில் விட்டு, அவர்கள் தாண்டிப் போன செடியைத் திரும்ப வந்து தடவச் சொல்லிப் பழக்குவார். எங்கள் எஸ்டேட்டில் போரர் பார்க்கத் தெரிந்த பதினெட்டு பேரில் பதினான்கு பேர் அவர் கையில் பழகினவர்கள்.

செக்ரோலில் இதற்குக் கட்டம் கிடையாது. நேற்று சேர்ந்தவருக்கும் ஒரு பேர், அந்த அக்காவுக்கும் ஒரு பேர். மருத்துவ விடுப்புக்குத் தனிக் கட்டம் உண்டு. அதை வைத்துத்தான் நான் பட்டியல் போட்டேன். அந்தப் பதினெட்டு பேரில் பதிமூன்று பேர் பட்டியலுக்குள் போய்விட்டார்கள் என்பதைக்கூட நான் எண்ணிப் பார்க்கவில்லை.

முதல் வருஷம் செக்ரோலில் மூன்று லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய் மிச்சம். சென்னையிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. எனக்கும் இன்கிரிமென்ட் போட்டார்கள்.

காண்ட்ராக்டர் கூட்டி வந்த ஆட்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஒரு பருவத்துக்கு வருவார்கள், அடுத்த பருவம் வேறு ஆள். யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. பிடுங்குகிற செடிக்கு இவ்வளவு என்று கூலி. அதனால் தூரத்திலிருந்தே தெரிகிற, இலை வாடித் தொங்குகிற செடியைப் பிடுங்கினார்கள். அந்தச் செடியில் வண்டு எப்போதோ துளை போட்டுப் பறந்திருக்கும். பச்சையாக நிற்கிற செடிக்குள்தான் புழு இருந்தது. பழத்துக்குக் கிலோ கணக்கில் கூலி. பழுத்தது, காய், இலை எல்லாவற்றையும் ஒரே உருவாக உருவினார்கள். காயைத் தோல் உரிக்கிற பல்ப்பரில் போட முடியாது. அதையெல்லாம் தோலோடு அப்படியே செர்ரியாகக் காயவைத்துக் குறைந்த விலைக்குத் தள்ள வேண்டியதாயிற்று. உருவும்போது கிளை ஒடிந்தது. இந்த வருஷம் வளர்கிற கிளையில்தான் அராபிகா அடுத்த வருஷம் காய்க்கும். சில்வர் ஓக் நிழல்மரத்தை ஒரேயடியாகக் கழித்துவிட்டார்கள், வெயில் உள்ளே வந்தது. போரர் வண்டுக்கு வெயில் என்றால் கொண்டாட்டம்.

முன்பெல்லாம் வருஷத்துக்கு 1,400 செடி, மிஞ்சிப்போனால் 1,500 பிடுங்குவோம். 2005-ல் 8,700 செடி பிடுங்கினோம். 45 டன் கொடுத்த தோட்டம் 31 டன்னுக்கு வந்தது. அன்றைய விலைக்கு அந்தப் பதினான்கு டன் பத்து லட்சத்துக்குக் குறையாது. இடையில் மழையும் பொய்த்தது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் மழை எல்லாத் தோட்டத்துக்கும்தான் பொய்த்தது. பிடுங்கின இடத்தில் புதுச் செடி வைத்தால் காய்ப்புக்கு வர மூன்று நான்கு வருஷம் ஆகும்.

இதில் என்னை இன்றைக்கும் உறுத்துவது ஒன்று உண்டு. மூன்று லட்சத்து நாற்பதாயிரம் கூலிக் கணக்கில் 2002-ல் வந்தது. பத்து லட்சம் விளைச்சல் கணக்கில் 2005-ல் போனது. இரண்டும் வேறு வேறு நோட்டு. நடுவில் மேனேஜரும் மாறிவிட்டார். புது மேனேஜர் பூச்சியைத் திட்டினார், மருந்துச் செலவுக்குப் பணம் கேட்டார். இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கூடிய ஒரே ஆள் நான்தான். நானும் வாயைத் திறக்கவில்லை. பட்டியல் என் கையெழுத்தில் இருந்தது.

நாகலூர் பக்கம் ஒரு தோட்டம். எங்களைவிடச் சின்னது. அங்கேயும் அதே விலை, அதே நஷ்டம். அந்த முதலாளி 2002-ல் எல்லாரையும் களத்துமேட்டில் உட்காரவைத்து, வங்கிக் கடன் எவ்வளவு, காப்பி எவ்வளவுக்குப் போகிறது என்று புத்தகத்தைத் திறந்து காட்டினார். யாரையும் அனுப்பவில்லை, ஆனால் ஆளுக்கு வாரத்தில் நாலு நாள்தான் பேர் போட முடியும் என்றார். முணுமுணுப்பு இருந்தது. சங்கத்துக்காரர்கள் இரண்டு நாள் பேசி ஒத்துக்கொண்டார்கள். விலை இல்லாததால் மற்ற வேலை குறைவு. அந்த நேரத்தை வைத்துக் காலி இடத்துக்கெல்லாம் நாற்று வைத்தார்கள், சில்வர் ஓக் ஒன்று விடாமல் மிளகுக் கொடி ஏற்றினார்கள். அதுவரை ஆண்கள் மட்டுமே பிடித்த கவாத்துக் கத்தியைப் பெண்கள் கையில் கொடுத்துப் பழக்கினார்கள். இரண்டு வருஷம் வயிற்றைக் கட்டித்தான் ஓட்டினார்கள். பிற்பாடு மிளகு விலை ஏறியபோது அந்தக் கொடிகள் காப்பிக்குச் சமமாகப் பணம் கொடுத்தன. அங்கே போரர் இல்லாமல் போகவில்லை. ஆனால் எங்கள் தோட்டம் மாதிரி சூறையாடவில்லை.

இது ஏதோ மலைக்காட்டுக் கதை, கார்ப்பரேட்டுக்குப் பொருந்தாது என்று மகளுடைய மேலதிகாரி சொல்லலாம். ஓய்வு பெற்ற பிறகு இதைப் பற்றியே தேடித் தேடிப் படித்திருக்கிறேன். அமெரிக்காவில் சர்க்யூட் சிட்டி என்று பெரிய மின்சாதனக் கடைச் சங்கிலி. 2007 மார்ச்சில் 3,400 விற்பனையாளர்களை ஒரே நாளில் அனுப்பியது. அவர்கள் வேலையில் குறை ஒன்றும் சொல்லவில்லை. சந்தை நிலவரத்தைவிட அதிகச் சம்பளம் வாங்குகிறார்கள் என்பதுதான் காரணம். எந்த டிவியை யாருக்கு எப்படிச் சொல்லி விற்பது என்று தெரிந்த ஆட்களைத்தான் அனுப்பியிருப்பார்கள். 2008 நவம்பரில் கம்பெனி திவால் மனு போட்டது. பொருளாதாரச் சரிவும் சேர்ந்துகொண்டது உண்மை. ஆனால் அந்தச் செய்தியைப் படித்தபோது என் முப்பத்தொரு பேர்தான் கண்முன் வந்தார்கள்.

அதே 2008-ல் டொயோட்டாவுக்குப் பெரிய வண்டிகள் விற்கவில்லை. டெக்சாஸிலும் இண்டியானாவிலும் மூன்று மாதம் உற்பத்தியை நிறுத்தினார்கள். நிரந்தரத் தொழிலாளர்களை வீட்டுக்கு அனுப்பாமல் சம்பளம் கொடுத்துப் பயிற்சியில் உட்காரவைத்தார்கள். நாகலூர்க்காரர் செய்ததும் இதுதானே. இத்தனைக்கும் அதே டொயோட்டா 1950-ல் ஆட்களைக் குறைத்துப் பார்த்த கம்பெனிதான். பெரிய போராட்டம் வெடித்து, நிறுவனர் கீய்ச்சிரோ டொயோடாவே தலைவர் பதவியை விட்டு இறங்கினார்.

மறுநாள் மகள் திரும்பக் கூப்பிட்டபோது வாதாடினாள். "டாடா ஸ்டீல்லயே பாதிப் பேரைக் குறைச்சாங்களேப்பா?" குறைத்தார்கள். இரும்பு வியாபாரம் திறந்துவிடப்பட்ட பிறகு அத்தனை பேரோடு பிழைக்க முடியாது என்ற நிலை. ஆனால் விலகினவர்களுக்கு ஓய்வு வயது வரைக்கும் மாதாமாதம் பணம் வந்தது. 1912-லேயே எட்டு மணி நேர வேலையும் 1920-லேயே வருங்கால வைப்பு நிதியும் கொண்டுவந்த கம்பெனி அது. குறைத்தே தீர வேண்டிய காலம் வரும், அதை நான் மறுக்கவில்லை. அப்படி வந்தால் அந்தச் செலவில் பெரிய பங்கைக் கம்பெனி சுமக்க வேண்டும். எங்கள் எஸ்டேட்டில் விருப்ப ஓய்வு கொடுத்தவர்கள் மூன்று மாதத்தில் லயன் வீட்டையும் காலி செய்ய வேண்டியிருந்தது. பிறந்த வீடும் அதுதான், வாழ்ந்த வீடும் அதுதான் பலருக்கு.

வெளியே வேலை கொடுப்பதே தப்பு என்றும் நான் சொல்ல மாட்டேன். நான் பிறந்த தெருவே அதில்தான் பிழைத்தது. சேலத்துக் கொலுசு ஒரே கூரைக்கு அடியில் உருவாவதில்லை. கம்பி ஒரு பட்டறையில், சலங்கை மணி ஒரு வீட்டில், பற்றவைப்பு இன்னொரு வீட்டில், மெருகு வேறொரு இடத்தில். சிவதாபுரம், பனங்காடு என்று வெள்ளி கை மாறி மாறிப் போய் வரும். என் அண்ணன் பற்றவைப்புக்கு ஒரே வீட்டுக்குத்தான் முப்பது வருஷமாக அனுப்புகிறார். பக்கத்தில் குறைந்த கூலிக்கு ஆள் இருக்கிறதே என்று ஒரு தடவை கேட்டேன். "அந்த அம்மா கைக்கு ஒரு மணி உதிராதுடா" என்றார். அங்கே வேலை தன்னைவிட நன்றாகத் தெரிந்த கையைத் தேடி வெளியே போகிறது. எங்கள் எஸ்டேட்டில் தெரிந்த கையை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தெரியாத கைக்கு வேலையைக் கொடுத்தோம்.

2006-ல் கம்பெனி மனம் மாறி, பழைய ஆட்களைத் திரும்பக் கூப்பிடச் சொன்னது. நான்தான் தேடிப் போனேன். சிலர் திருப்பூரில், சிலர் சேலத்தில் விசைத்தறியில். இரண்டு பேர் இறந்திருந்தார்கள். முப்பத்தொரு பேரில் பதினொரு பேர் வந்தார்கள். நிரந்தரமாக எடுக்கவில்லை. காண்ட்ராக்டர் கணக்கில் தினக்கூலி. கீழ் லயன் அக்காவும் வந்தார். இருபத்தெட்டு வருஷம் செய்த அதே வேலை, பி.எஃப். இல்லை, வீடு இல்லை, வாழவந்தியிலிருந்து நடந்து வர வேண்டும். செக்ரோலில் அவர் பேர் இல்லாததால் நான் அவருக்குப் பேர் போடவும் முடியவில்லை.

மகளிடம் நான் சொன்னது இவ்வளவுதான். சம்பளத்தை வைத்து அடுக்காதே. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இன்னும் இரண்டு கட்டம் போடு. இவருக்கு மட்டும் தெரிந்தது என்ன, இவரிடம் பழகினவர்கள் எத்தனை பேர். அதை அந்தப் பிரிவில் இருக்கிறவர்களையே உட்காரவைத்துக் கேட்டு எழுது. ஏஜென்சிக்குக் கொடுத்தால் மிச்சமாகும் பணத்தைப் போடுகிற அதே பக்கத்தில், இரண்டு வருஷம் கழித்து வரக்கூடிய செலவையும் போடு. இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். அதைப் பார்த்த பிறகும் அனுப்பத்தான் வேண்டும் என்றால், அது அவர்கள் முடிவு. கண்ணை மூடிக்கொண்டு எழுதின முடிவாக இருக்காது.

வியாழக்கிழமை அவள் அப்படியே ஒரு தாள் தயார் செய்து கொண்டுபோயிருக்கிறாள். சம்பளத்தில் மேலே இருந்த பதினோரு பேரில் ஒன்பது பேரிடம்தான் மற்ற எல்லாரும் வேலை பழகியிருக்கிறார்கள். மேலதிகாரி ரொம்ப நேரம் அந்தத் தாளைப் பார்த்தாராம். இரண்டு வாரம் தள்ளிவைத்திருக்கிறார். தள்ளிவைத்ததுதான், வேறொன்றும் முடிவாகவில்லை.

இந்தச் சனிக்கிழமை அவள் ஏற்காடு வருகிறாள். அந்த அக்காவைப் பார்க்க வேண்டுமாம். நேற்று வாழவந்திக்குப் போன் போட்டேன். பேரன் எடுத்து அவரிடம் கொடுத்தான்.

"பாப்பா என்னை எதுக்குங்க பாக்கணும்?"

போரர் பார்க்கிறதைத் தெரிந்துகொள்ள வேண்டுமாம் என்றேன். கொஞ்சம் யோசித்தார்.

"மார்ச்தானுங்களே, சரியான நேரம். ஆனா வீட்டுல உக்காந்து என்னத்தைக் காட்றது? காலையில வெள்ளனே வரச் சொல்லுங்க, தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போறேன். நீங்களும் வாங்க, ரைட்டரய்யா."